மூலையில் இருந்த படகு

என் முதலாளி சென்னியப்பன் மாவரைக்கும் கிரைண்டர் விற்றுப் பெரிய ஆளானவர். உலகத்தில் எதுவானாலும் கடையில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் கடையையே வாங்கிவிடலாம் என்பது அவர் கொள்கை. அவரிடம் ஒரு பெண்கள் கபடி அணியும் இருந்தது. சிறுவாணிச் சிறுத்தைகள் என்று பெயர். வருஷா வருஷம் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றுவிட்டு வருவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஒவ்வொரு முறை தோற்றதும் தொலைக்காட்சியில் அதே பட்டிமன்றம் கூடும். கோப்பையைக் காசு கொடுத்து வாங்க முடியுமா, இல்லை சொந்தத்தில் ஆள் வளர்த்துத்தான் ஜெயிக்க வேண்டுமா? வாங்க முடியாது என்று பேசுகிறவர்கள் எங்கள் முதலாளியின் படத்தைத்தான் பின்னால் போடுவார்கள். அவர் அதை முழுக்கப் பார்ப்பார். பார்த்துவிட்டு, போன தடவையைவிடக் கூடுதலாக வாங்குவார்.

வளர்ப்பதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். கோயம்புத்தூரில் கிரைண்டர் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பயிற்சிக்கூடம். ஆரம்பத்தில் முழு அளவில்தான் மைதானம் இருந்தது. வியாபாரம் பெருகப் பெருகக் குடோன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, கடைசியில் பாதி மைதானத்தில் கல்லும் மோட்டாரும் அடுக்கியிருந்தார்கள். மிச்சம் இருந்த இடத்தில் பெண்கள் ஆடினார்கள். முதலாளியின் அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும், ஆனால் எப்போது பார்த்தாலும் திரை போட்டிருக்கும்.

அங்கே வளர்ந்தவள் மயிலாத்தாள். காங்கேயம் பக்கத்துப் பெண். குடோனுக்கும் சுவருக்கும் நடுவே பாடிப் பாடி, அவள் ஆட்டமே சின்னதாகிவிட்டது. எதிரணிக்குள் நீளமாகப் பாய மாட்டாள். குட்டிக் குட்டி அடி வைத்துப் போவாள், விரல் நுனியால் ஒருத்தியை லேசாகத் தொடுவாள், தொட்டது தெரிவதற்குள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவாள். அவளுடைய ஆட்டத்துக்கு மற்ற பெண்கள் வைத்த பெயர் கோழிக் கொத்து.

"இதப் பாக்கறதுக்கா சனங்க டிக்கெட் வாங்கறாங்க? ஊட்டு வாசல்லயே கோழி கொத்துதுங்க" என்றார் முதலாளி. "எனக்கு ஜெசிந்தா வேணும் தம்பி."

ஜெசிந்தாவை யாருக்குத் தெரியாது? தூத்துக்குடிக் கரையில் சங்குமேடு என்கிற சின்ன ஊர் அணியின் தலைவி. வலது பின்மூலை வரைக்கும் பாய்ந்து போய், அங்கே உடம்பை ஒரு சுழற்றுச் சுழற்றி மூன்று பேரை ஏமாற்றித் திரும்புவாள். அதற்கு ஜெசிந்தா திருப்பம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நிபுணர்கள் திரையில் கோணம் வரைந்து காட்டி, இது கொரியாவில் இருந்து வந்தது என்றும் இல்லை ஈரானில் இருந்து வந்தது என்றும் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். நான் பெயர்ப்பாளன். ஓர் உடம்பில் ஊறிப்போன ஆட்டத்தைப் பெயர்த்து எடுத்து இன்னோர் உடம்பில் வைக்கிறது என் வேலை. சட்டப்படி, ஏலத்தில், இரண்டு பக்கத்துச் சம்மதத்தோடு. ஜெசிந்தாவின் ஊருக்கு ஒரு பஸ்ஸும் விளையாட நல்ல விரிப்பும் வேண்டியிருந்தன. முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் மாட்டேன், மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்து ஒரு நாள் சரி என்றாள்.

"வலிக்குமுங்களா சார்?" என்று கேட்டாள் மயிலாத்தாள். நாற்காலியில் உட்கார வைத்து அவள் கை கால்களில் பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"வலிக்காதும்மா. கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கும்."

"அந்தக்கா ஆட்டத்த காப்பி எடுத்து எனக்கு வெக்கறீங்களாக்கும்?"

"காப்பி எடுக்க வராது. எடுத்தா அங்க போயிரும். நாத்து பறிச்சு நடற மாதிரின்னு வெச்சுக்க."

"அப்ப அந்தக்காளுக்கு?"

"நடக்கலாம், ஓடலாம். கபடி மட்டும் புதுசா கத்துக்கணும்."

அவள் கையில் மாட்டிய பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "என்ற ஆட்டம் எங்கீங்க போகும்?" என்றாள்.

"ஒரு உடம்புல ரெண்டு ஆட்டம் தங்காது. உன்னோடத எடுத்துக் குளிர்பெட்டியில வெச்சிருவேன். ஒரு சீசன் தாங்கும்."

"பொறகு?"

பிறகு மாம்பழம் மாதிரிதான், எத்தனை பத்திரமாக வைத்தாலும் அழுகிவிடும். அதைச் சொல்லாமல், "அதுக்குள்ள திருப்பி வெச்சிரலாம்" என்றேன். முதலாளி அப்படி எதையும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு உடம்புக்குப் பெயர்த்ததை மறுபடி ஏலத்தில் விற்க முடியாது என்பது சட்டம். அத்தனை விலை கொடுத்து வாங்கியதை ஒரே சீசனில் கழற்றிப்போடுகிற ஆள் இல்லை அவர்.

முதல் நாள் பயிற்சியைப் பார்க்க முதலாளி மாலையோடு வந்திருந்தார். மயிலாத்தாள் கபடி கபடி என்று பாடிக்கொண்டு பாய்ந்தாள். அடடா, அப்படியே ஜெசிந்தா. வலது மூலைக்குப் போனாள், உடம்பைச் சுழற்றினாள், வலது கையை எதிலோ ஊன்றுகிற மாதிரி வெறும் காற்றில் வைத்தாள், தொப்பென்று விழுந்தாள். எழுந்து மறுபடி போனாள். மறுபடியும் காற்றில் கையை ஊன்றி அதே இடத்தில் விழுந்தாள். முதலாளி மாலையைக் காரிலேயே வைக்கச் சொன்னார்.

எலும்பு டாக்டர் வந்தார், காது டாக்டர் வந்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். வாசலைத் தாண்டும்போது இல்லாத எதையோ தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கி வைக்கிறாள் என்று அவள் அம்மா கூட்டிக்கொண்டு போய் மந்திரித்துத் தாயத்துக் கட்டிவிட்டார்.

வேறு வழியில்லாமல் நான் சங்குமேட்டுக்குப் புறப்பட்டேன். ஊருக்குள் நுழைந்ததும் விஷயம் கண்ணெதிரே கிடந்தது. கடற்கரை மணலில் கபடி மைதானம். அதன் வலது பின்மூலையில் ஒரு பழைய படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் நங்கூரக் கயிறு மைதானத்துக்குக் குறுக்கே ஓடியது.

"அது எங்க சித்தப்பா வள்ளம்ணே" என்றாள் ஜெசிந்தா. உப்பு வெயிலில் கறுத்த, உயரமான பெண். சிரித்தால் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். "நாங்க பிறக்கும் முன்னயே அங்க கெடக்கு. எடுங்கன்னா எடுக்க மாட்டாரு. சரி கெடக்கட்டும்னு அதச் சுத்தியே வெளையாடப் பழகிட்டோம்."

"அப்ப அந்தத் திருப்பம்?"

"ஓடிப்போயி வள்ளத்துல கையக் குடுத்துத் திரும்புவேன். வேற எப்படித் திரும்ப? இடிச்சுக்கிட்டா பல்லு போயிரும்லா."

"மத்த ஊர்ல படகு இல்லையே. அங்க நீங்க விழலையே?"

"வள்ளம் இல்லன்னு எனக்குத் தெரியும்ணே. கை நீளும், நான் சமாளிச்சுக்கிடுவேன்."

அங்கேதான் எனக்குச் சிக்கல் புரிந்தது. கையும் காலும் கோயம்புத்தூர் வந்துவிட்டன. படகு இல்லை என்கிற நினைப்பு சங்குமேட்டிலேயே தங்கிவிட்டது. அதைப் பெயர்க்க எந்தக் கருவியும் இதுவரை இல்லை.

ஜெசிந்தா தன் அணிப் பெண்களோடு பயிற்சிக்குப் போனாள். புதிதாகச் சேர்ந்த சிறுமிகளோடு கடைசி வரிசையில் நின்று, எதிராளியின் மணிக்கட்டை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டிருந்தாள். தப்பாகப் பிடித்ததற்குத் திட்டு வாங்கினாள். நாடே பெயர் வைத்த ஒரு திருப்பத்துக்குச் சொந்தக்காரியை அப்படிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் எடுத்தது என் கை.

விஷயத்தை முதலாளியிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"படகு என்ன வெலைங்க தம்பி?"

ஜெசிந்தாவின் சித்தப்பா யாருக்கும் தராத படகை விலைக்கு வாங்கி லாரி கட்டி எடுத்து வந்தார்கள். படகு வந்தும் மயிலாத்தாளின் கால் தடுமாறியது, அங்கே மணல் என்று சொன்னேன், மணல் வந்தது. கயிறு வந்தது. சங்குமேட்டு டீக்கடைக்காரர் பயிற்சி நேரத்தில் போடுகிற சத்தமும் வேண்டியிருக்குமோ என்று முதலாளி சந்தேகப்பட்டு அவரையும் கூட்டிவந்தார். அந்த மனிதர் கோயம்புத்தூர்க் குளிரில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ ஆற்றினார். வெளியே இருந்து பார்த்தால், ஒரு திருப்பத்தை வாங்கப் போய் முதலாளி அந்த ஊரையே வாங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் வேலை நடந்தது. முதலில் படகை மூலையில் வைத்து ஆடவிட்டோம். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளினோம். கை படகைத் தேடித் தேடி, கிடைக்காமல், ஒருவழியாகச் சமாளிக்கப் பழகியது. மயிலாத்தாள் விழுவது நின்றது. லீக் ஆட்டங்களில் அவள் சுழன்றபோது அரங்கமே எழுந்து நின்றது. ஜெசிந்தா திருப்பம், ஜெசிந்தா திருப்பம் என்று கத்தினார்கள். சிறுத்தைகள் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டன. எதிரே யார் என்றால், படகு போன பிறகு முழு மைதானமும் கிடைத்துவிட்ட சங்குமேடு.

ஆட்டத்தன்று காலை குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன். மயிலாத்தாளின் ஆட்டம் மங்கத் தொடங்கியிருந்தது. அடுத்த வாரம் வரை தாங்காது. திரும்பினால் அவளே வாசலில் நின்றாள்.

"சார், அதுக்கு என்னாச்சுங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "போயிட்டு இருக்கும்மா" என்றேன்.

அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "எல்லாரும் கத்தறாங்க சார். எம்பேரச் சொல்லி ஒருத்தருங்கூடக் கத்தறதில்லீங்க. அதக்கூடப் பொறுத்துக்குவேன். காத்தால எந்திரிச்சு வாச தெளிக்கப் போனா இந்தக் கால் கயித்தத் தாண்டுதுங்க. எங்கூட்டுல ஏதுங்க கயிறு? எங்கூட்டுலயே நான் அந்தக்காவா நடந்துட்டு இருக்கறனுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொத்தறதோ கீறறதோ, அது என்றது. குடுத்துருங்க."

"இன்னிக்கு ஃபைனல். தோத்துட்டா?"

"வருஷா வருஷம் தோக்கறதுதானுங்களே."

முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, ஜெசிந்தாவின் ஆட்டத்தை எடுத்துப் பெட்டியில் வைத்து, கோழிக் கொத்தை அதன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். எழுந்ததும் வாசல்வரை நடந்து பார்த்தாள். கால் எதையும் தாண்டவில்லை. சிரித்தாள்.

சாயங்காலம் அரங்கத்தில் நான் முதலாளிக்குப் பக்கத்தில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயிலாத்தாள் போனாள், கொத்தினாள், வந்தாள். மறுபடி போனாள், கொத்தினாள், வந்தாள். நீளப் பாய்ச்சலும் இல்லை, சுழற்சியும் இல்லை. இப்போது குட்டு உடைந்துவிடும் என்று நான் பயந்தபோது, பெரிய திரையில் நிபுணர் விளக்கம் சொன்னார். "கவனிங்க, அந்தத் திருப்பத்தை அவங்க கடைசிக்குன்னு சேமிச்சு வைக்கிறாங்க. இதுதான் ஜெசிந்தா பாணியோட முதிர்ச்சி." எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முதலாளி மயிலாத்தாளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ரெய்டு. இரண்டு அணியும் சமம். ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை, பிடிபட்டால் போச்சு. சங்குமேட்டுப் பெண்கள் இடது பக்கமாக ஒதுங்கி நிற்க, வலது பின்மூலையில் ஜெசிந்தா மட்டும் தனியாகக் குனிந்து நின்றாள். முதுகை வளைத்து, ஒரு கையை முன்னால் நீட்டி.

அவள் படகாக நின்றாள். தன் பழைய கை ஓடிவந்து எங்கே ஊன்றும் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் தெரியும். சங்குமேட்டுச் சிறுமிகளோடு நின்று அவள் கற்றதே அந்த மணிக்கட்டுப் பிடிதான். உடம்பைச் சுழற்றத் தெரியவேண்டாம், அந்தக் கையைப் பிடிக்கத் தெரிந்தால் போதும் அவளுக்கு.

அரங்கம் முழுக்கத் திருப்பம், திருப்பம் என்று கத்தியது. மயிலாத்தாள் குட்டி அடி வைத்து மூலைக்குப் போனாள். ஜெசிந்தாவின் கை தயாராக நீண்டது. நீண்ட கையின் விரல் நுனியை மயிலாத்தாள் ஒரு கொத்துக் கொத்தினாள். அவ்வளவுதான். ஜெசிந்தா நிமிர்வதற்குள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சு விட்டாள்.

கோப்பை எங்களுக்கு. திரும்பாமலே திரும்பிய திருப்பம் என்று நிபுணர் அதற்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஜெசிந்தா என்னைத் தேடி வந்தாள்.

"அது நான் இல்லல்லா?" என்றாள் மெதுவாக.

மறைக்க முடியவில்லை. அவள் ஆட்டம் இருக்கிற குளிர்பெட்டி காரில் இருப்பதையும், இப்போதே வந்தால் திருப்பி வைத்துவிடுவேன் என்பதையும் சொன்னேன். முதலாளியிடம் அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

அவள் தன் மணிக்கட்டைத் தடவியபடி யோசித்தாள். "வச்சா இப்ப படிச்சது போயிரும்லா?"

"ஆமா."

"அப்ப வேண்டாம்ணே. காலமெல்லாம் அந்த வள்ளத்தச் சுத்தியே ஓடிட்டேன். இப்பதான் நேரா நடக்கேன்."

"வெளிய சொல்லிருவீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்? நம்ம ஜெசிந்தா ஆட்டத்துக்கிட்டதான தோத்தோம்னு ஊர்ல எல்லாவனும் பெருமையா உக்காந்திருக்கான். அதப் போயி கெடுக்கவா?" கன்னத்தில் குழி விழச் சிரித்துவிட்டுப் புதுப் பஸ்ஸில் ஏறிப்போனாள்.

மேடையில் முதலாளி மைக்கைப் பிடித்தார். "வாங்க முடியாதுன்னு சொன்னீங்க. வாங்கிட்டேன். இந்தக் கோப்பை ஜெசிந்தா ஆட்டத்துக்குக் கெடச்சது, அத வாங்குனது நான்" என்றார். மயிலாத்தாள் கோப்பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுநாள் காலையில் மயிலாத்தாளையும் என்னையும் பயிற்சிக்கூடத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதலாளி கவிழ்ந்து கிடந்த படகின் மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்பத் தம்பி மாத்துனீங்க? நான் கோயிலுக்குப் போனப்பவா?"

நான் தலையை ஆட்டினேன்.

"இத்தன வருஷமா அந்தத் தெரைக்குப் பின்னால நின்னுதான் காப்பி குடிக்கறேன்" என்று மேலே தன் ஜன்னலைக் காட்டினார். "என்ற ஊட்டுக் கோழி எப்படிக் கொத்தும்னு எனக்குத் தெரியாதுங்களா? மொத ரெய்டுலயே கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்புறம் ஏங்க மேடையில அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"பின்ன, ஊட்டுல வளந்ததுன்னு சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கே நாலு பேரு ஏலத்துக்கு வந்து நிப்பான். ஜெசிந்தாவோடதுன்னு சொல்லிட்டா ஒருத்தனும் வர மாட்டான், அத மறுபடி விக்க முடியாதுன்னு சட்டம் இருக்குல்ல."

"வந்தா மாட்டேன்னு சொல்லிப்போடறனுங்க" என்றாள் மயிலாத்தாள்.

"அந்தப் புள்ளையும் மாட்டேன்னுதான் சொல்லுச்சு கண்ணு. கேட்டுட்டே இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ சொல்லுவ. நான் சொல்லுவனான்னுதான் எனக்குச் சந்தேகம். நல்ல வெல வந்தா நானே வித்துப்போடுவேன். என்னயப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அந்த மனிதர் மேல் எனக்கு முதல்முறையாகப் பிரியம் வந்தது. சிரிப்பும் வந்தது.

"மைதானத்தப் பெருசு பண்ணிரலாம் அம்மிணி. குடோன இடிச்சுப்போடறேன்."

"அத மட்டும் இடிச்சுப்போடாதீங்க" என்றாள் அவசரமாக. குடோனும் சுவரும் இல்லாவிட்டால் அந்தக் குட்டி அடி எங்கே இருந்து வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்ப என்ற பேருங்க?"

"சொல்றேன். நீ ஆட்டத்த நிறுத்தற அன்னைக்கு நானே மைக்கப் புடிச்சு ஊரறியச் சொல்றேன்."

"அன்னைக்கு யாருங்க கேப்பாங்க?"

முதலாளி படகின் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகின் மேல் அன்றைய செய்தித்தாள் கிடந்தது. முதல் பக்கத்தில் கோப்பையோடு அவள் படம், கீழே 'ஜெசிந்தாவின் கைகள் வென்ற கோப்பை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மயிலாத்தாள் என் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தாள். ஜெசிந்தா என்ற பெயரை அடித்து, மேலே தன் பெயரை எழுதினாள். எழுதியதை முதலாளியிடம் காட்டினாள், என்னிடம் காட்டினாள். பிறகு யாரும் பார்த்துவிடக்கூடாது என்று அந்தப் பக்கத்தை மட்டும் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள்.